மாமனாருக்கு ஓடி வந்த மாலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. படிப்பு பத்தாவது. தொழில், உத்திரமேரூர் பஜாரில் மாட்டுத்தீவனக் கடை. இதுவரை நான் எழுதியதெல்லாம் தவிட்டு மூட்டையின் மேல் எழுதியவைதான். அவற்றையும் மாடுகள்தான் படித்தன.

ஆனால் போன மார்கழியில் நடந்ததை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் மச்சான் தனசேகர் சொல்லும்போது நான் வாய்க்காலில் விழுகிறேன். நான் எந்த வாய்க்காலிலும் விழவில்லை. கோலத்தில்தான் விழுந்தேன். அதைத் தெளிவுபடுத்தவே பேனாவை எடுத்தேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் இருக்கும் மூட்டைக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், மூட்டைக்கு வாயைத் தைக்க வேண்டும். எனக்குத் தைக்காமலே திறக்காது. யாராவது எதையாவது கேட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவர் சௌகரியம்.

அந்தக் கேடுகெட்ட சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கார்த்திகையில் என் மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு வாலாஜாபாத்தில் வேலை. நல்ல பையன். (திவ்யாவுக்கும் பிடித்திருந்தது. காபித் தட்டை அவள் வைத்துவிட்டுப் போன பிறகும் தட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.) தொல்லையெல்லாம் பையனின் அப்பா முனிரத்தினம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று எங்கள் ஊரிலேயே குடியிருக்கிறவர். எலும்பும் விறைப்பும் மட்டுமே உள்ள மனிதர். நாற்காலியில் உட்காருவதைக்கூட யாரோ கட்டளை போட்ட மாதிரிதான் செய்வார்.

"சொல்றது ஒண்ணு, கீறது ஒண்ணுன்னா எனக்கு ஆவாது சார்" என்றார் எடுத்த எடுப்பில். "இதுக்கு முன்னாடி ஒரு எடம் பாத்தோம். பொண்ணு பி.எட்.னாங்க. விசாரிச்சா ஒரு பேப்பர் பாக்கி. எழுந்து வந்துட்டேன். இன்னொண்ணு, தையில நிச்சயம் ஆவற வரைக்கும் எனக்கு சம்பந்தின்னு வாய்ல வராது. சார்தான்."

எல்லாரும் தலையாட்டினோம். பிறகு அவர் என் வயிற்றைப் பார்த்தார். எங்கள் கடைச் சரக்கை நானே சாப்பிடுகிறேனோ என்று சந்தேகப்படுகிற பார்வை.

"சாரு எக்சசைஸ் இன்னா பண்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனசேகர் முந்திக்கொண்டான். "மாமாவா? டெய்லி ரன்னிங் சார்! ஏரிக்கர வரைக்கும் ஓடிட்டு வந்துதான் பல்லே வெளக்குவாரு."

"அப்படியா சார்?"

நான் சிரித்தேன்.

"பாத்தா தெரியல" என்றார் முனிரத்தினம். "நல்லதாப் போச்சு. நம்ம பேட்ச் ஒண்ணு கீது. மார்கழி பொறந்ததும் ஸ்டார்ட் பண்றோம். மொத ஞாயித்துக்கெழம விடியக்காலைல பஸ் ஸ்டாண்டாண்ட வந்துடுங்க."

அவர்கள் போனதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? இல்லன்னு ஒரு வார்த்த வரலியா?" திவ்யா, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், தனசேகரின் ஷூவை வாங்கி வந்து, துடைத்து, என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

எங்கள் ஊர்க் குளிர் ஒரு குளிரே அல்ல என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் அதைப் போர்வைக்குள் இருந்துகொண்டு சொல்வார்கள். நான் ஸ்வெட்டரை மாட்டினேன். தலையில் பனி இறங்கக் கூடாது என்று வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையையும் காதையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து வீடுதான் மாமனார் வீடு. அங்கே தனசேகரின் குறட்டை தெருவுக்குக் கேட்டது. (பொய் சொன்னவன் தூங்குகிறான், சிரித்தவன் ஓடுகிறான்.) மாமனாரின் இருமலும் கேட்டது. அந்த வாரம் அவருக்குச் சளி. "இந்த மார்கழியத் தாண்ட மாட்டேன்" என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எல்லா மார்கழியிலும் சொல்வார்.

பஸ் ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் கிளிப்பச்சை பனியனில் நின்றிருந்தார்கள். ஓட வந்தவர்களாம். ஒருவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் செல்போனைக் கையில் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். எத்தனை அடி வைத்தோம் என்று அது சொல்லுமாம். (வைத்தவனுக்குத் தெரியாதா?) இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரும் இருந்தார். ஓட்டத்தில் யாருக்கு அதிகம் மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, அவர் பக்கத்திலேயே ஓடுகிறவர். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

முதலில் போட்டோ. ஓடுவதற்கு முன்பே "இன்றைய ஓட்டம் இனிதே முடிந்தது" என்று குரூப்பில் போட்டாகிவிட்டது. இதோடு வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாருக்கும் மரியாதை. ஆனால் முனிரத்தினம் விசிலை ஊதிவிட்டார்.

முதல் தெருவிளக்கு வரை நான் ஓட்டக்காரன். இரண்டாவது விளக்கு வரை மனிதன். அதற்குப் பிறகு நான் என்னவாக இருந்தேன் என்று நாய்களுக்குத்தான் தெரியும். அவை கிளிப்பச்சைகளை விட்டுவிட்டு என்னை மட்டுமே துரத்தின. ஷூ வேறு ஒரு அளவு பெரியது. நான் ஓடுவதற்கு ஒரு நொடி கழித்து அது ஓடியது.

மானாம்பதி ரோடு திரும்பியதும் முனிரத்தினம் எனக்காகத் திரும்பி வந்தார். அவருக்கு வியர்க்கக்கூட இல்லை.

"இன்னா சார், டெய்லி ஓடற ஆளு, இந்த மூச்சு வாங்குது?"

"ப... பனி சார்."

"பனி எங்களுக்கும்தான பேயுது?" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். அந்தக் குரலில் பி.எட். ஒரு பேப்பர் பாக்கி கேட்டது. திவ்யா துடைத்த ஷூவைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஓடினேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தெரு வரும். அங்கே என் கால்கள் நின்றுவிட்டன.

நின்றது ராஜம்மா அத்தை வாசலில். மாமனாரின் கூடப் பிறந்த தங்கை. பெரிய தேர்க்கோலம் போட்டு, நடுவில் பரங்கிப்பூ வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்டவன் விடியற்காலையில் ஓடுவது ஒரே காரியத்துக்குத்தான், சாவு சொல்ல. அதுவும் தலையில் வெள்ளைத் துண்டோடு, குளிரில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக.

"இன்னா மாப்ள? வூட்ல இன்னா ஆச்சி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஊர்ப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கிருந்து ஓடி வருகிறேன் என்று அர்த்தம்.

"எங்க அண்ணனா?"

என் தலை மேலும் கீழும் ஆடியது. அது மூச்சு. அப்படியே தேர்மேல் விழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ அண்ணா! நேத்துகூட போன்ல இருமினியே! நீ எடுத்துக் குடுத்த பொடவய இன்னும் கட்டிப் பாக்கலியே!"

தெருவே கூடிவிட்டது. அத்தையின் மகன், தனசேகருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. "சாவு வூட்ல போன் எட்க்க யாருக்கு நேரம்?" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டு, லோடு ஆட்டோவை எடுக்கப் போனான். சத்தம் கேட்டுக் கிளிப்பச்சைகள் திரும்பி வந்தன. விஷயத்தைக் கேட்ட முனிரத்தினம் தொப்பியைக் கழற்றினார்.

"வூட்ல பெரியவரு இந்த நெலமைல கெடக்க, குடுத்த வாக்குக்காக ஓட வந்துகீறாரே மனுஷன்!" என்றார். "எல்லாரும் லைன்ல நில்லுங்க. அட்டேன்ஷன்!"

கோலத்தைச் சுற்றி வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். இதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிட்டது. அதுதான் என் வாழ்க்கையின் மிகக் கேவலமான நேரம். தலைகுனிந்து நிற்கிற ஏழெட்டுப் பேரிடம் "அவர் சாகவில்லை" என்று எப்படி ஆரம்பிப்பது? வேறு எந்த மனிதனும் ஆரம்பித்திருப்பான். எனக்குத் தெரிந்தது சிரிப்பு ஒன்றுதான். அதை அங்கே சிரிக்க முடியாது. மௌனம் முடிந்ததும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என் காதருகே குனிந்து, "பெரியவருக்குப் பாலிசி எதுனா கீதா சார்?" என்றார்.

பெண்களோடு என்னையும் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். நடுவில் மூட்டையாக நான், சுற்றிலும் ஒப்பாரி. "நீங்க போங்க சார், நாங்க பின்னாலயே ஓடி வந்துடறோம்" என்றார் முனிரத்தினம்.

எங்கள் தெருவில் ஆட்டோ நின்றது. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு, பெருமாள் கோவில் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மார்கழியைத் தாண்ட மாட்டேன் என்றவர் இரண்டாவது தொன்னையில் இருந்தார்.

அத்தையின் அழுகை பாதியில் மாட்டிக்கொண்டது. "அண்ணா... நீ கீறியா?"

"கீறேன். யாரு பூட்டாங்க? இத்தினி பேரு அழுதுக்கினு வரீங்க? இரு, சட்டய மாட்டிக்கினு நானும் வரேன்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "உயிரோட கீறாரே மாப்ள!" ஏதோ நான் கெட்டுப்போன சரக்கை விற்றுவிட்ட மாதிரி.

அப்போது கிளிப்பச்சைகள் தெருமுனையில் ஒரே சீராகத் திரும்பின. முன்னால் முனிரத்தினம். இரண்டு கைகளிலும் பெரிய சாமந்தி மாலை. கோவில் வாசல் பூக்கடையில் பெருமாளுக்குக் கட்டி வைத்திருந்ததை, அவசரம் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறார். மாமனாரைப் பார்த்ததும் அவர் கால் நின்றது.

"மாலை யாருக்கு?" என்றார் மாமனார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் கட்டியிருந்த செல்போனைப் பார்த்தார்.

"ஒனக்குதான் அண்ணா" என்றார் அத்தை.

முனிரத்தினம் என்னிடம் வந்தார். "இன்னா சார் இது? நீங்கதான தலையாட்னீங்க?"

"மூச்சு வாங்குச்சு சார்."

"டெய்லி ஓடறவருக்கா?"

மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறியது. "டெய்லி ஓடறவரா? இவரா? மாடு தொரத்துனப்பவே நடந்து வந்த ஆளுய்யா எங்க மாப்ள!"

அந்த நேரம் பார்த்துத் தனசேகர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். "இன்னா மாமா, ரன்னிங் முடிஞ்சிதா? நாஷ்டா ஆச்சா?"

"பி.எட்.ல ஒரு பேப்பருக்கே எழுந்து வந்தவன் நான்" என்றார் முனிரத்தினம், மெதுவாக. வாசற்படியில் நின்றிருந்த திவ்யா உள்ளே போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. முனிரத்தினம் திரும்பி நடந்தார்.

"யோவ், நில்லு" என்றார் மாமனார். "எழவுக்கு வாங்குன மாலைய ஒன் வூட்டுக்கா எட்துக்கினு போற?"

முனிரத்தினம் நின்றுவிட்டார். எல்லையில் காவல் நின்ற மனிதர் ஒரு மாலையைப் பிடித்துக்கொண்டு விழித்தார்.

"ரோட்லயும் போடக் கூடாது" என்றார் அத்தை. "சாமிக்குக் கட்டுன மாலை."

"எம்பேர்ல வாங்குனது. எனக்கே போடு. உயிரோட கீறப்ப போட்டா அதுக்குப் பேரு மரியாத" என்று சொல்லி மாமனார் கழுத்தை நீட்டினார். வாயில் இன்னும் பொங்கல் இருந்தது. வேறு வழியில்லாமல் முனிரத்தினம் மாலையைப் போட்டார்.

அழ வந்த பெண்களில் ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள். "சம்பந்தி மாலை போட்டாச்சு டோய்! தையில போட வேண்டியத மார்கழியிலயே போட்டுட்டாங்க!"

தெருவே சிரித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார். முனிரத்தினம் மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்து பேரு முன்னாடி போட்டுட்டேன். செஞ்சிட்டு இல்லன்னு சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. ஆனா ஒங்க மச்சான் சொன்னது பொய்யா நிக்கக் கூடாது, நெசமாவணும். தை வரைக்கும் டெய்லி ஓடணும். ஓடறீங்களா?"

நான் சிரித்தேன்.

"சிரிப்பு வேணாம். வாயத் தொறந்து சொல்லுங்க."

"ஓடறேன்" என்றேன். உள்ளே தட்டு ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அப்ப நாளைக்கு விடியக்காலைல பாப்போம், சம்பந்தி."

கல்யாணம் முடிந்து இப்போது மறு மார்கழி. திவ்யாவின் கல்யாண ஆல்பத்தில் முதல் போட்டோ அதுதான். மாலையோடு மாமனார், முறைப்போடு முனிரத்தினம், ஓரத்தில் தலையில் துண்டோடு நான். மாமனார் இந்த மார்கழியையும் தாண்ட மாட்டாராம், எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். நான் முகம் துடைக்கத் துண்டைக் கையில் எடுத்தாலே என் மனைவி கேட்கிறாள், "ராஜம்மா அத்தைக்கு ஆட்டோ சொல்லிடவா?"

போன மார்கழியில், மாலை போட்ட அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. தெருவில் விசில் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஜலதோஷம் பிடித்தது.