போனட் அண்ணன் பெண் பார்க்கப் போன கதை

முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் பார்த்தே எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் முழுவதும் அடையாளம் சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் போனட் அண்ணன்தான். காரணம், தலையும் இரண்டு கைகளும் எப்போதும் ஏதாவது ஒரு காரின் போனட்டுக்குள்ளே இருக்கும். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தாரென்றால் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வாளி, நாலைந்து பழைய டூத்பிரஷ், பசார் கடைகளில் கொடுத்த பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு எஞ்சின் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார். தம்முடையது முடிந்ததும் அடுத்தவர் கார். வெளிப்பக்கத்தைத் தொடவே மாட்டார். அவருடைய சொந்தக் கார் என்ன நிறம் என்று எங்கள் பிளாக்கில் இரண்டு கட்சி உண்டு. நான் வெள்ளைக் கட்சி. ஆனால் போனட்டைத் திறந்தால் உள்ளே இலை போட்டுச் சாப்பிடலாம்.

"வெளிய மழை கழுவும் தம்பி. உள்ள யாரு கழுவுவா?" என்பார்.

ஒருமுறை அவர் இல்லாத சமயம் பார்த்து என் காரை நானே கழுவினேன். பக்கத்து வீட்டில் பம்ப் இரவல் வாங்கி, அப்போதுதான் ஓடி நின்ற சூடான எஞ்சினில் பீய்ச்சி அடித்தேன். அடுத்த நான்கு நாள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். போனட் அண்ணன் வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. என் காரைத்தான் தடவிக் கொடுத்தார்.

"பேட்டரி ஒயரைக் கழட்டுனியா? ஆல்டர்னேட்டருக்குப் பை கட்டுனியா? ஃபியூஸ் பெட்டிக்கு? காத்து போற வாய்க்கு? ஒண்ணுமே இல்லையா? தண்ணிய கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளிக்கணும் தம்பி. பொம்பா வண்டி மாதிரி அடிக்கக் கூடாதுலா!"

தீயணைப்பு வண்டியோடு என்னை ஒப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கோயில் திருவிழாவுக்கு வாகனங்களை மந்திரிக்கும்போது எல்லோரும் காரைப் பளபளவென்று துடைத்து நிறுத்துவார்கள். இவர் மட்டும் போனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே நான்கு இடங்களில் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும். ஒரு வருஷம் ஃபாதர் தீர்த்தத்தைத் தெளிக்கக் கையை ஓங்கினார்.

"ஃபாதர், ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மியா..."

"ஆண்டவர் பாத்துக்குவாருப்பா."

"பாத்துக்குவாரு ஃபாதர். இருந்தாலும் நான் பையக் கட்டிட்டேன்."

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. ஒரு வீட்டில் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பாவிடம் எஞ்சின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா, லூர்து அக்கா, கடைசி முயற்சியாக ஜுருவில் டெய்சி டீச்சர் வீட்டில் பேசி முடித்தார். பெண் பார்க்க என்னுடைய காரில்தான் போனோம்.

"அங்க போயி எவன் காரு போனட்டையும் தொறக்க மாட்டேன்னு அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு," என்றார் அக்கா. பண்ணினார்.

கடல் பாலத்தில் போகும்போது அக்கா கண்ணயர்ந்தார். போனட் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "இது அமைஞ்சா நல்லா இருக்கும் தம்பி. கீழ கழுவற வரைக்கும் எல்லாரும் இருக்கீங்க. மேல வீட்டுக்கு ஏறிப் போனா பேச ஆளு இல்லலா," என்றார். நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

டீச்சர் பள்ளி விளையாட்டுப் பயிற்சியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவருடைய அப்பா கேசரி, டீ கொடுத்து உபசரித்தார். போனட் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். வாசலில் கார் வந்து நின்றது. டீச்சர் இறங்குவதற்கு முன்னால் அவருடைய கார் வாசனை உள்ளே வந்துவிட்டது. ஆயில் கருகும் வாசனை. அண்ணனின் மூக்கு விரிந்தது. லூர்து அக்கா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

போனட் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. டீச்சரின் அப்பா "ஐயோ!" என்று பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவ்வளவுதான். சத்தியமாவது, அந்தோணியாராவது!

"ஐயா, சூட்டுல தண்ணி அடிக்காதீங்க! வெடிப்பு விட்டுரும்!"

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக் காருக்கு முன்னால் நின்றார். பதற்றத்தில் பெரியவருக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. புதுச்சட்டை காலரிலிருந்து பெல்ட் வரை நனைந்தது. சொட்டச் சொட்ட, "டீச்சர், எஞ்சின ஆஃப் பண்ணுங்க," என்றார். போனட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, தீ எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு முழுசாகத் திறந்தார். வீட்டுக்குள்ளே லூர்து அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆயில் யாரு ஊத்துனது?"

"நான்தாங்க. பாதிய வெளிய ஊத்திட்டேன்," என்றார் டீச்சர்.

"பரவால்ல. தொடச்சா போயிரும். ஆனா ஆறணும். இப்பத் துணிய வச்சா துணியும் எரியும், கையும் எரியும். முக்கா மணி நேரம் ஆகும்."

பெண் பார்க்கிற வீட்டில் பேசுவதற்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், அதுவும் ஆறேழு பேர் காது கொடுத்துக் கேட்க. இவர்களுக்கு வாசலில் முக்கால் மணி நேரம் கிடைத்தது. அக்கா என்னை உளவு பார்க்க அனுப்பினார். முதலில் போனபோது அண்ணன் பிளாஸ்டிக் பை கட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். போச்சு என்று திரும்பினேன். இரண்டாவது முறை போனபோது டீச்சர் பேசிக்கொண்டிருந்தார், அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எஞ்சினைப் பார்க்காமல் ஒரு மனித முகத்தைப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதே இல்லை.

மூன்றாவது முறை போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானே எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"அண்ணே, ஆறிருச்சே."

டீச்சரும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இல்லயே, இன்னும் சூடாத்தானே இருக்கு," என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் போனட் அண்ணனைப் பார்த்தேன். எஞ்சின் விஷயத்தில் ஃபாதருக்கே விட்டுக் கொடுக்காத மனிதர். மெதுவாகக் கையை வைத்தார். நெடுநேரம் யோசித்தார்.

"ஆமா தம்பி. இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்."

நான் உள்ளே போய், இன்னொரு டீ போடச் சொல்லுங்கள் என்று லூர்து அக்காவிடம் சொன்னேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.