காந்தக்காரர் வெட்ட மறுத்த கோடு

கோயம்புத்தூரில் பெரிய மனிதர்களைப் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் கல்லூரியின் காந்தக்காரர்.

வேதியியல் துறையில் என்.எம்.ஆர். கருவியை இயக்கியவர். ஆளுயர எஃகுத் தொட்டிக்குள் மாபெரும் காந்தம். ஒரு பொருளைக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் உள்ளே இறக்கினால், மூலக்கூறில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் கோடு கோடாகக் காட்டிவிடும். பெல்ட், சாவி, ஹேர்பின் எதனோடும் அந்த அறைக்குள் போக முடியாது. கல்லூரியைச் சோதிக்க வந்த குழுத் தலைவரின் பெல்ட்டையும் கழற்றவைத்தார். ஒரு கையில் பேண்ட், மறுகையில் பூச்செண்டு. அந்தக் கோலத்திலேயே தலைவர் கருவியைப் பாராட்டிப் பேசினார்.

கருவிக்கு அவர் வைத்த பெயர் அம்மணி. காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும் நாளில் கல்லூரி முதல்வரே கூப்பிட்டாலும், "அம்மணிக்குத் தண்ணி காட்டிப்போட்டு வாரேனுங்க" என்பார்.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவன். நான்கு வருடமாக ஒரு புதிய மூலக்கூறை உருவாக்க முயன்றுகொண்டிருந்தேன். உருவாக்கியாகிவிட்டது என்று என் பேராசிரியர் கருத்தரங்குகளில் பேசியே முடித்துவிட்டார். ஒருநாள் காந்தக்காரர் எங்கள் இருவரிடமும் காகிதத்தை நீட்டி, இடது ஓரத்தில் இருந்த கோட்டைத் தொட்டார்.

"ஏனுங்க, இது ஆல்டிஹைடுங்க. நீங்க போட்ட சரக்கு அப்படியே இருக்குதுங்க. புதுசா ஒண்ணும் ஆகலீங்க."

பேராசிரியர் நிதானமாகச் சொன்னார். "அந்த ஓரத்தை வெட்டிட்டு பிரிண்ட் போடுங்க."

"கோடு இருக்குதுங்களே."

"இருக்கட்டும். காகிதத்துல வேண்டாம்."

"அம்மணி சொன்னதை நான் மாத்திச் சொல்ல முடியாதுங்க."

மறுவாரம் அவர்மேல் ஒரு புகார்க் கடிதம் தயாரானது. கருவியைப் பராமரிப்பதில்லை, மாணவர்களிடம் மரியாதை இல்லை. கீழே மாணவர்கள் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. பேராசிரியர் பேனாகூடத் தரவில்லை. என் பேனாதான்.

காந்தக்காரரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டும் வேலை. அவர் இடத்துக்கு வந்தவர், பேராசிரியர் சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்தார். கட்டுரை வெளியானது. எனக்கு முனைவர் பட்டமும் வேலையும் கிடைத்தன. கட்டுரையில் இருக்கிறபடியே செய்து பார்த்தோம், வரவில்லையே என்று எங்கிருந்தோ சில ஆராய்ச்சியாளர்கள் எழுதிக் கேட்டார்கள். பேராசிரியர் பதில் போடாமலே ஓய்வு பெற்றார், மாலை மரியாதையோடு.

சில வருடம் கழித்து உக்கடம் பேருந்து நிலையத்தில் காந்தக்காரர் எதிரே வந்தார். தப்பிக்க வழியில்லை.

"அந்தப் புகார்ல நானும்..." என்று இழுத்தேன்.

"தெரியுமுங்க. மொதக் கையெழுத்தே உங்களுதுதானுங்க. கோணலா இருந்துச்சு. பாவம், கை நடுங்கியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். டீ சாப்பிடறீங்களா?"

திட்டியிருந்தால் தேவலை. அந்த டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

போன மாதம் காரமடையில் அவர் இறந்துபோனார். பழைய கல்லூரி ஆட்களில் துக்கத்துக்குப் போனவன் நான் மட்டும்தான். அவருடைய மகள் என்னிடம் வந்து, "அப்பாவுக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று கேட்டாள்.

"வேண்டியவனுங்க" என்றேன்.

அப்படிச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாதவன்தான். ஆனாலும் பொழுது சாயும்வரை அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.