சேவுகன் வாங்கிய முழுக் கிடா

குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கணுக்கால் வரை ஏறி நின்ற பச்சைத் தண்ணீரின் நடுவே, கையில் ஒரு முழம் ஆட்டுக்குடலோடு நின்றுகொண்டு சேவுகன் மனைவியைக் கூப்பிட்டார்.

“பிரகதம், ஒரு குச்சி எடுத்தா.”

“எதுக்கு?”

“குழாயில என்னமோ அடைச்சிருக்கு.”

“என்னமோ இல்ல. அந்தக் கிடா நேத்து தின்ன புல்லுதான் அடைச்சிருக்கு.” பிரகதாம்பாள் கதவுக்கு வெளியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “நல்ல நாளும் அதுவுமா வீடே நாறுது. மத்தியானம் மாப்பிள்ளை வந்துருவாரு.”

அந்த மாப்பிள்ளைக்காகத்தான் இத்தனை பாடும்.

விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரமாக டயர் கடை வைத்திருக்கும் சேவுகனுக்கு ஒரே மகள், இளமதி. ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கோபிநாத்துக்கு அரிமளம். கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. மறுவீட்டு விருந்தில்தான் எதிர்பார்த்ததற்கு மேல் ஆள் கூடிப்போய், குழம்பில் கறி பற்றாமல் போய்விட்டது. சம்பந்தி கரண்டியைச் சட்டிக்குள் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கறியைக் கண்டுபிடிக்க போலீஸ்லதான் எழுதிக் குடுக்கணும் போல” என்றார். பந்தியே சிரித்தது. சேவுகனும் கூடச் சேர்ந்து சிரித்தார். ராத்திரி படுத்த பிறகு அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை இலையில் சோறு தெரியாதபடி கறி கிடக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கடையில் கிலோக் கணக்கில் வாங்குவதெல்லாம் சரிப்படாது, முழுக் கிடாவே வாங்கிவிடுவது என்று சந்தையிலிருந்து ஓட்டியும் வந்துவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

விடிந்ததும், அதே தெருவில் குடியிருக்கும் கறிக்கடைச் செல்லமுத்து வந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

“தலையும் தோலும் எனக்குண்ணே. வழக்கம் அதான். கொடலைக் கழுவி, கறியைத் துண்டு போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

“அதெல்லாம் முடியாது. முழுக் கிடாவும் நம்ம வீட்டுக்குத்தான். ஒரு முடி வெளியே போகக் கூடாது. ஒனக்குக் கூலி குடுத்துர்றேன்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

செல்லமுத்து கிடாவை அறுத்தார். உரித்தார், கறியைக் கூறு பிரித்து வைத்தார், கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முடியோடு தலை, ஈரத்தோடு தோல், புல்லோடு குடல் மூன்றும் மிச்சம். பிரகதாம்பாள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்றுவிட்டதால், சேவுகனே குடலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

குச்சி உள்ளே போய் முறிந்ததும், தெரு முக்கு வீட்டில் இருக்கும் பிளம்பர் குழந்தைசாமியிடம் ஓடினார். குழந்தைசாமி எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புது வேட்டியில் இருந்தார்.

“இன்னைக்குச் சாக்கடையில கை வைக்க மாட்டேண்ணே. நாளைக்கு வாரேன்.”

“நாளைக்கு வரைக்கும் மாப்பிள்ளையைக் குளிக்க வேணாம்னு சொல்ல முடியுமாப்பா? ஒரு தொடை தாரேன்.”

குழந்தைசாமி கொஞ்சம் இளகினார். “தனியாளா முடியாது. மச்சானையும் கூட்டியாரணும்.”

“அவருக்கும் ஒரு தொடை.”

ஆட்டுக்குப் பின்தொடை மொத்தமே இரண்டுதான் என்பது வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. அடைப்பு எடுபட்டது. தொடைகளும் போயின. போகும்போது குழந்தைசாமி, குழாய்க்குச் சூடு காட்டும் கேஸ் டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“தலையை இதுல வாட்டுங்கண்ணே. சட்டுன்னு முடிஞ்சுரும்.”

உண்மையாகவே சட்டென்று முடிந்தது. மொட்டைமாடியில் டார்ச்சைப் பற்றவைத்ததும் ஆட்டுத்தலையின் முடி பொசுங்கி, காற்றில் ஏறி, பக்கத்து மாடிக்குப் போனது. அங்கே கண்ணம்மை டீச்சர் முறுக்குக்காக அரிசி மாவு உலர்த்தியிருந்தார். மலையிலிருந்து இறங்கி வரும் மயில்கள் கொத்தாமல் இருக்க மேலே வலை வேறு கட்டியிருந்தார். வலை மயிலைத் தடுக்கும். கரித்தூளை என்ன செய்யும்?

“சேவுகன், இங்க பாருங்க,” என்றார் டீச்சர், முறத்தைத் தூக்கிக் காட்டி. “எள்ளு இன்னும் போடவே இல்ல. போட்ட மாதிரி இருக்கு.”

“காத்து இங்கிட்டு அடிக்கும்னு நெனைச்சேன் டீச்சர். அங்கிட்டு அடிச்சிருச்சு.”

“எம் பேரன்கள் சாயங்காலம் வாராங்க. முறுக்குக்கு நான் எங்க போறது?”

ஓய்வுபெற்றும் டீச்சர் டீச்சர்தான். அந்தப் பார்வையில் சேவுகன் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

“ஈரல் தாரேன் டீச்சர்.”

“முழுசாவா?”

“முழுசா. கூட ரெண்டு கிட்னியும்.”

ஈரல் கைமாறிக்கொண்டிருந்தபோதே தெருவில் நாய் குரைத்தது. தோலுக்கு உப்புத் தடவிக் காயவைத்து விரிப்பாக்கிவிடலாம் என்று சேவுகன் அதைச் சுற்றுச்சுவரில் போட்டிருந்தார். நாய்க்கு வேறு யோசனை. அது தோலை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர்வீட்டு ஆனந்தராஜின் புது பைக் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. அங்கே நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடந்த சண்டையில், தோல் எப்படியோ சீட்டின் மேல் ஏறிக்கொண்டது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு அப்போதுதான் தேங்காய் உடைத்திருந்தார்கள்.

ஆனந்தராஜ் கோபப்படவில்லை. அதுதான் சேவுகனுக்குப் பயமாக இருந்தது.

“நானே இன்னும் ஒக்காரலைண்ணே,” என்றார் ஆனந்தராஜ் மெதுவாக. “மொத ஆளா ஒங்க ஆடு ஒக்காந்துருக்கு.”

“தம்பி, நான் கழுவித் தாரேன்.”

“கழுவுனா தண்ணி போகும். எம் பொண்டாட்டி மனசுல இருக்கிறது போகுமா?”

நெஞ்செலும்பு முழுவதும் ஆனந்தராஜின் மனைவி மனசுக்குப் போனது. கழுத்துக்கறியைக் கூடச் சேர்த்தே கொடுத்தார்.

இதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. சேவுகன் வீட்டில் ஏதோ எரிகிறது என்று ஒருவரும், சாக்கடை வெடித்துவிட்டது என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளை காதில் இது விழுந்தால் என்ன ஆவது என்று பதறிப்போன பிரகதாம்பாள், அவள் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். மிச்சமிருந்த முன்னங்கால் கறியை டிபன் பாக்ஸ்களில் போட்டு, “ஒண்ணுமில்லக்கா, தலைதீபாவளில்ல, அதான் எல்லாருக்கும் குடுக்கிறோம்” என்று வந்தவர்கள் கையில் எல்லாம் திணித்து அனுப்பிவிட்டாள். தெரு கலைந்தது.

வீடு அமைதியானதும் சேவுகன் கறி வைத்திருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார். அடியில் இரண்டு துண்டுக் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

“கறி எங்கடி?”

“நீங்க குடுத்தது போக மிச்சத்தை நான் குடுத்துட்டேன்.”

“அப்ப மாப்பிள்ளைக்கு?”

இரண்டு பேரும் மூலையில் இருந்த குடல் சட்டியைப் பார்த்தார்கள்.

தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்குக் குடல் குழம்பு மட்டும் வைத்தால் அரிமளத்தில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். சேவுகன் தலையையும் தோலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வெட்கத்தை விட்டுச் செல்லமுத்து கடைக்குப் போனார். போகிற வழியில் கோழிக்கடை சாத்தியிருந்தது.

“இது ஒனக்குச் சேர வேண்டியதுதான் செல்லமுத்து. நான் பண்ணினது தப்பு. ரெண்டு கிலோ கறி மட்டும் போட்டுக் குடு.”

செல்லமுத்து பையை வாங்கி வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“கறி காலையிலேயே தீந்துபோச்சுண்ணே. ஆனா ஒங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். கொடல் இருக்கு. கழுவியே வச்சிருக்கேன். காசெல்லாம் வேணாம்.”

சேவுகன் இன்னொரு குடலோடு வீடு திரும்பினார்.

பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வேறு வழியில்லாமல் கடலைப்பருப்பும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தாள். கைப்பக்குவம் என்னவோ குறையவில்லை. குழம்பு கொதிக்கும்போது மகள் போன் செய்தாள்.

“அப்பா, முக்குல எறங்கிட்டோம். தெரு முழுக்க வெடி போடுறாங்க, காரு உள்ள வராது. நடந்தே வாரோம்.”

முக்கிலிருந்து வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர்கள் வரவில்லை. சேவுகன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். எட்டிப் பார்த்தால் தெருவில் வெடிப்புகைதான் தெரிந்தது. போன் செய்தால் மகள் எடுக்கவில்லை.

“யாரோ சொல்லிட்டாங்க,” என்றாள் பிரகதாம்பாள். “மாமனார் வீட்டுல கொடல்தான்னு கேட்டதும் மாப்பிள்ளை அப்படியே திரும்பிப் போயிட்டாரு.”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு,” என்றார் சேவுகன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து இளமதி வந்தாள். பின்னால் மாப்பிள்ளை. கோபிநாத்தின் நடையில் வேகம் இல்லை, முகம் வியர்த்திருந்தது. “வாங்க மாப்பிள்ளை” என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார். சாப்பிட உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் இல்லாமல் எந்த மாப்பிள்ளை இப்படி இருப்பார்?

இலை விழுந்தது. பிரகதாம்பாள் சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி குடல் குழம்பு வைத்தாள். கோபிநாத் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை.

சேவுகனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மாப்பிள்ளை, ஒங்களுக்குன்னு முழுக் கிடா வாங்கினேன். சாமி சத்தியமா. என் கூறுகெட்டதனத்தால எல்லாம் வெளிய போயிருச்சு. கொடலைத் தவிர வீட்டுல ஒண்ணும் இல்ல. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரிதான்.”

இளமதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். கோபிநாத் இடுப்பு பெல்ட்டை இன்னும் ஒரு துளை தளர்த்தினார். மெல்ல ஒரு ஏப்பம் விட்டார். பிறகு குழம்புச் சட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே சொன்னார்.

“தலைதீபாவளி மாப்பிள்ளையை வாசலோட அனுப்ப மாட்டோம்னு கையைப் பிடிச்சு இழுத்து, முக்கு வீட்டுல தொடைக்கறி, கறிக்கடை அண்ணன் வீட்டுல தலைக்கறி, எதுத்த வீட்டுல நெஞ்செலும்பு, டீச்சர் வீட்டுல ஈரல்னு எல்லாரும் ஒங்க கிடாதான்னு சொல்லித்தான் வச்சாங்க மாமா, இதோட கொடலை யாருக்குக் குடுத்தாருன்னு நான்தான் வீடு வீடா கேட்டுக்கிட்டு வாரேன்.”