தரைத்தளத்தில் ஒரு லிஃப்ட்

யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் அந்த ரகம் இல்லை. அறுபதுகளில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் பில்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்காமல் மாட்டுங்கா வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் ஊற்றினால் நுரை அடங்கும்வரை பாத்திரத்தை எடுக்க மாட்டேன். (பால்கார பையா என்னைக் கண்டாலே முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.)

அப்பா இல்லை. அம்மாவுக்கு நான் ஒரே பெண். செம்பூரிலிருந்து எனக்கு ஒரு வரன் பாதி முடிந்த நிலையில் இருந்தது. பிள்ளையின் அம்மா மட்டும், "கல்யாணத்துக்கப்புறம் உங்களை யார் பாத்துப்பா?" என்று கேட்டிருந்தார். "எனக்கென்ன, நன்னா நடமாடிண்டுதானே இருக்கேன்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். சொன்ன சூட்டோடு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

சீமையிலிருந்து திரும்பிய ஒரு டாக்டர் நடத்திய நர்ஸிங் ஹோமில் ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். ஓடு வேய்ந்த பழைய பங்களா, மாடி கிடையாது. ஆபீஸ் விட்டு சாயங்காலம்தான் நான் போக முடியும். "கார்த்தால நானே எழுந்து உக்காந்துட்டேன்" என்பாள் அம்மா. செம்பூருக்கும் அதையே சொல்லியனுப்பியிருந்தாள். அவள் உடம்பு வாகுக்கு அது எப்படி நடந்தது என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் நம்பினேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. அம்மா சக்கர நாற்காலியில் தயாராக இருந்தாள். பில்லைப் பார்த்தேன். 'லிஃப்ட் சார்ஜ்' என்று ஒரு வரி.

மாடியே இல்லாத கட்டிடத்தில் லிஃப்டா? என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"லிஃப்ட் கஹாம் ஹை?" எங்கே இருக்கிறது லிஃப்ட் என்றேன் கிளார்க்கிடம்.

அவர் என் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஹை பாயி. ரோஜ் லக்தா தா." இருக்கிறதாம், தினமும் தேவைப்பட்டதாம்.

குரலைத் தாழ்த்துகிறானே, தப்பு செய்தவன்தானே தாழ்த்துவான் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "பேசாம குடுத்துட்டு வாடி. செம்பூர்க்காரா பாக்க வர நேரம்."

சரிதான், அம்மாவையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

"லிஃப்டைக் கண்ணால பாக்காம ஒரு பைசா தரமாட்டேன்" என்று மூன்று பாஷையும் கலந்து கத்தினேன்.

அங்கிருந்த ஆயா உள்ளே போய் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்த இரும்புக் கம்பம், அதன் உச்சியிலிருந்து சங்கிலியில் தொங்கும் கித்தான் தொட்டில், பக்கத்தில் அடிக்கிற பம்புக் கைப்பிடி. தினமும் காலையில் அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கியது அதுதானாம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் புத்தி கேட்கவில்லை. "இந்தக் குச்சி எங்கம்மாவைத் தூக்கித்தாக்கும்? தூக்கிக் காட்டச் சொல்லு" என்று நானே போய்த் தொட்டிலில் உட்கார்ந்தேன்.

ஆயா பம்பை அடித்தாள். நான் மேலே போனேன். முழங்கால் மூக்கைத் தொட, செருப்பு ஒன்று கீழே விழ, கையில் பில்லோடு தொங்கினேன். போதும் என்றேன். இறக்குகிற திருகு இறுகிப்போய் அசையவில்லை. ஆயா தலையைச் சொறிந்தாள்.

அப்போதுதான் செம்பூர் மாமி ஃபிளாஸ்க்கும் பிள்ளையுமாக உள்ளே வந்தார். பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"என்னது இது?" என்றார் மாமி.

மறைக்க இனி என்ன இருக்கிறது? "என்னைத் தூக்கற மிஷின்" என்றாள் அம்மா, அழாத குறையாக. "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் இன்னும் சரியா நடக்கலை." என் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவின் கண்ணீரைத் துடைக்கக்கூட எனக்குக் கை எட்டவில்லை.

"இடுப்பு ஒடிஞ்சா தூக்கத்தான் தூக்குவா. இதுல மறைக்க என்ன இருக்கு? வீட்டுக்கு வாடகைக்குத் தருவாளான்னு கேப்போம்" என்ற மாமி, தொங்குகிற என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் மேல இருக்கே?"

"பில்லு சரியான்னு பாக்கறேன் மாமி."

மாமி என் கையிலிருந்து பில்லை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"லிஃப்ட் இருக்கட்டும். இது என்ன 'டிரெஸ்ஸிங் சார்ஜ்'? உங்கம்மா புடவையைத் தானேதானே கட்டிண்டா?"

கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்தது குடும்ப ஜோசியர். என் கணவர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்வதில்லை. பொருத்தம் பார்த்தது அந்த பில்தான், அதிலும் பொருந்தியது பெண்ணும் பிள்ளையும் இல்லை, மாமியாரும் மாட்டுப்பெண்ணும்தான் என்பது அவர் கட்சி.