நான்கு மூலையிலும் மாவிலை

சிவகாசி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, உங்கள் மருமகள் எழிலின் தங்கை முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவும் நலம் என்பதைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் மாமாவும் அக்காவும் நலமாக இருக்க இருக்கன்குடி அம்மனை வேண்டுகிறேன்.

கவரில் நான் குத்திய மாவிலை அச்சு, ஈரத்தில் பச்சையாக இருந்து, காய்ந்ததும் கறுத்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் வேறு தாள் எடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் கறுத்த மாவிலையும் மாவிலைதானே என்று விட்டுவிட்டேன். அத்தை, நீங்கள் உங்கள் தங்கைக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடிதம் எழுதுவதாக அக்கா சொல்லியிருந்தாள். அக்காவின் வளைகாப்பு வருகிறதே, அத்தைக்கு என் கையால் ஏதாவது செய்து தரலாம் என்று, நான் வேலை பார்க்கும் காலண்டர் பிரஸ்ஸில் மிஞ்சிய தாளைக் கேட்டு வாங்கிக் கடிதத்தாளும் கவரும் செய்தேன். பழைய செருப்பு ரப்பரில் மாவிலை அச்சு வெட்டினேன். (சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெட்டினேன்.) டப்பாவில் ஒட்டியிருந்த பச்சை மை போதாமல் கொஞ்சம் சிவப்பையும் கலந்து, மூலைக்கு ஓர் இலையாக எல்லாக் கவரிலும் குத்தினேன். நான்கு மூலையும் கறுத்த கவர் வந்தால் துக்கச் செய்தி என்று, சத்தியமாக எனக்குத் தெரியாது அத்தை. எங்கள் பிரஸ்ஸில் காலண்டர் மட்டும்தான் அடிக்கிறார்கள்.

தாளைக் கவருக்குள் வைத்து, உங்கள் ஊர் விருதுநகருக்கு லோடு ஏற்றிப்போன தங்கச்சாமி சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அவருக்கு அன்று கழுத்துப் பிடிப்பு. அதனால்தான் தலையைத் தொங்கப்போட்டபடி, "சிவகாசியில இருந்து" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர். உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நீங்கள் கவரைப் பிரித்து, உள்ளே வெறும் தாளாக இருப்பதைப் பார்த்து, "ஐயையோ, எழுதி அனுப்பக்கூட அங்கன ஒரு ஆளு மிச்சமில்லையா!" என்று அழுதீர்களாம். மாசமாக இருக்கிறவளுக்குத் தெரியக் கூடாதென்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுததாக அக்காவே பிறகு சொன்னாள்.

நீங்கள் போன் செய்தது உண்மை. அப்பா, அம்மா இருவர் போனையும் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று லீவில் வீட்டில் இருந்த என்னிடம்தான் வீட்டுப் போன் இருந்தது. உங்கள் பெயரைப் பார்த்ததும், கடிதத்தாள் அழகாக இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள், பதிலுக்கு என்ன பேசுவது என்று கூச்சம் வந்து, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் விடாமல் கூப்பிடக் கூப்பிட, அவ்வளவு பிடித்துவிட்டதா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் கார் வந்து நின்றது. நீங்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டீர்கள். வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்த அப்பா, இடுப்புத் துண்டோடு வெளியே வந்து, "வாங்க மச்சான், வா தங்கச்சி. என்ன, கையில மாலையோட வந்திருக்கீக?" என்றார். மாமா திகைத்துப்போய், "ஒங்களுக்குத்தான் மச்சான் வாங்கியாந்தோம்" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் கழுத்தை நீட்டினார். "ஐயோ, உசுரோட இருக்க மனுசனுக்குப் போடாதீக!" என்று நீங்கள் பிடுங்கியதில் மாலை அறுந்தது. அப்பா, "எம்புட்டுச் செலவு பண்ணி வாங்குனது!" என்று பூவைப் பொறுக்க, தெருவே சிரித்தது. நீங்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், "எம் மருமகளுக்கு இங்கன பிரசவம் கெடையாது, நாங்களே பாத்துக்கிறோம்" என்று காரில் ஏறிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அக்காவின் பிரசவத்துக்கென்று வெளுத்து வைத்த பழைய சேலைகளை எடுத்து எடுத்து மடிக்கிறாள். தவறு முழுக்க என்னுடையது அத்தை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வளைகாப்பு முடிந்ததும் அக்காவை மட்டும் எங்களோடு அனுப்பிவையுங்கள். அச்சை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி மை, தாள் பக்கமே போகமாட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அக்கா வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முத்தம்.

கீழ்ப்படியும்,
முத்துச்செல்வி

பின்குறிப்பு: இதை மட்டும் தபாலாபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்தக் கவரைப் பார்த்தும் நீங்கள் பயந்துவிடக் கூடாதே என்று, நான்கு மூலையிலும் நன்றாக மஞ்சள் தடவி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "யாருக்குடி கல்யாணம்? எங்களுக்குத் தெரியாம எவன்டி அவன்?" என்று கத்த ஆரம்பித்தாள். கவரை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டேன்.