எட்டாவது கயிறு

அழைப்பிதழில் தன் பெயர் இல்லை என்று மணியம்மாள் மேடம் சொல்லவில்லை. கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

விழாவை ஏற்பாடு செய்த சந்திரகலா கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கல்லூரியில் ஒருவர் 'நல்லா இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஏதோ நன்றாக இல்லை என்று அர்த்தம். அவளும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மகளிர் மன்ற ஆண்டு விழா. தலைமை, முதல்வர் இளஞ்செழியன். சிறப்பு விருந்தினர், இதே கல்லூரியில் படித்து இப்போது பக்கத்து மாவட்டத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலராக இருக்கும் ஆர்த்தி. வரவேற்புரை, பின்னல் கோலாட்டம், நன்றியுரை எல்லாம் இருந்தன. விலங்கியல் துறைத் தலைவரும், மகளிர் மன்றத்தைத் தொடங்கியவருமான மணியம்மாளை மட்டும் காணவில்லை.

"மேடம், அவசரத்துல விட்டுப் போச்சு..."

"அதனால என்னம்மா. நான் கீழ உட்கார்ந்து பார்த்துக்கறேன்."

அவர் கீழே உட்காருவது சாதாரண விஷயமில்லை. சந்திரகலா கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்தை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கூட்டத்தில் மணியம்மாள் மேலேதான் உட்கார்ந்திருப்பார்.

"கீழயா? நீங்க வாழ்த்துரை குடுக்கறீங்க மேடம். ஏற்கெனவே முடிவு பண்ணதுதான்" என்றாள்.

"அப்படியா? நான் ஜாஸ்தி பேச மாட்டேம்மா" என்றார் மணியம்மாள். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

வாழ்த்துரைக்கு நேரம் வேண்டுமே. நிகழ்ச்சி நிரலில் வாய் திறக்காமல் இருந்தது கோலாட்டம் ஒன்றுதான். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

மதியம் வேதியியல் துறைத் தலைவர் நசீம் பானு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மணியம்மாள் பேசறாங்களாமே? நல்லது. எனக்கு அவங்களைவிட ரெண்டு வருஷம் சர்வீஸ் ஜாஸ்தி. அதை நானா சொல்லல, நீ தப்பா நினைச்சுக்காதே."

"உங்க பேரும் இருக்குதே மேடம்."

"எங்க?"

"புது நிரல்ல."

புது நிரல் என்று ஒன்று அப்போதுதான் பிறந்தது. பேசுகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்ப முடியாது என்றார் முதல்வர். யாருக்கு யார் போர்த்துவது என்பதில் இன்னும் நான்கு பேர் மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் மனமும் நோகாமல் இருக்க சந்திரகலா கோலாட்டத்தின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே வந்தாள்.

ஆடுகிற பெண்கள் எட்டுப் பேர். மாதம் முழுக்க மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரக் கிளையில் வளையத்தைக் கட்டிப் பழகியவர்கள். வளையத்திலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். நாலு பேர் இப்படியும் நாலு பேர் அப்படியும் நுழைந்து நுழைந்து ஆடினால் கயிறுகள் சடையாகப் பின்னிக்கொண்டு இறங்கும். அதே கணக்கில் திரும்பி ஆடினால் அவிழும். அவர்களுக்குத் தலைவி மன்றச் செயலாளர் கவிநிலா. மூன்றாம் ஆண்டு. இந்த மேடையை விட்டால் அவளுக்கு வேறு மேடை இல்லை.

"எது போனாலும் உங்க ஆட்டம் போகாதுடி" என்று சந்திரகலா முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது, "ஒரு பாட்டோட முடிச்சுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

கவிநிலா கொஞ்சம் யோசித்தாள். "பின்னறதுக்கு ஒரு பாட்டு மேம், அவிழ்க்கறதுக்கு ஒரு பாட்டு. பாதியில விட்டா முடிச்சாவே நின்னுடும்."

"வேகமா ஆடுங்க."

"சரி மேம்" என்றாள் கவிநிலா. அந்தச் 'சரி' சந்திரகலாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆர்த்தியே தொலைபேசியில் அழைத்தார். ஒரு மாதமாகக் கேட்டும் 'பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். பெயரைப் போட்டுவிட்டால் வராமல் இருக்க மாட்டார் என்று முதல்வர் சொன்னதால்தான் அழைப்பிதழில் அவர் பெயர் ஏறியிருந்தது.

"இன்விடேஷன் பார்த்தேன். வரேன்" என்றார். "ஆனா அன்னிக்குப் பௌர்ணமி ஆச்சே. லேட் பண்ணிடாதீங்க."

சந்திரகலா தலையில் கை வைத்தாள். பௌர்ணமி எப்போது என்று திருவண்ணாமலையில் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். கல்லூரி மட்டும் மறந்துவிட்டது. அன்று கிரிவலக் கூட்டம் சேரச் சேர பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு அவசரம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டு, கோலாட்டத்தை நிகழ்ச்சியின் கடைசிக்குத் தள்ளினாள். முதலில் விருந்தினர் பேசிவிட்டால் அவர் நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம் அல்லவா.

விழா நாளன்று ஆர்த்தி சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். அரங்கத்துக்குள் நுழைந்ததும் விருந்தினர்கள் வழக்கமாக மாலையைத் தேடுவார்கள். இவர் அண்ணாந்து உத்திரத்தில் தொங்கிய வளையத்தைப் பார்த்தார்.

"எட்டுக் கயிறா?"

"ஆமாங்க மேடம். சின்னதா ஒண்ணு. சீக்கிரமா முடிச்சுடுவாங்க."

"மெதுவாவே ஆடட்டும்" என்றார் ஆர்த்தி.

பெரிய பதவியில் இருப்பவர்களின் பெருந்தன்மை என்று அதை எடுத்துக்கொண்டாள் சந்திரகலா.

விழா தொடங்கியது. ஜாஸ்தி பேச மாட்டேன் என்ற மணியம்மாள் மன்றத்தின் முதல் கூட்டத்தில் யார் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் எவ்வளவு பேசினாரோ அதற்கு மேல் கொஞ்சம் பேசுவதுதான் முறை என்று நசீம் பானு நினைத்திருக்க வேண்டும். பொன்னாடைகள் வந்தன. ஒரு பொன்னாடையை ஆள் மாற்றிப் போர்த்திவிட்டு, புகைப்படக்காரருக்காக எடுத்து மறுபடி போர்த்தினார்கள். ஆர்த்தி இரண்டு முறை கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடைக்குப் பக்கத்து அறையில் எட்டுப் பெண்களும் ஒரே நிறப் பாவாடை தாவணியில் நின்றார்கள். வாசலில் யாரோ, "கீழ்பென்னாத்தூர் பஸ்ஸெல்லாம் வெளியே நிறுத்தப் போறாங்களாம்" என்றார்கள்.

ரூக்ஸார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போறேன் மேம். இதை விட்டா பஸ் இல்ல. அத்தா தேடினு வந்துடுவாரு."

"கொஞ்சம் இரும்மா. இதோ முடிஞ்சுடும்."

"காலையிலருந்து இதையேதான் மேம் சொல்றீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. கோலைக் கவிநிலாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஏழு பேர் மிச்சம். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் மூணு பேர்.

"வேற யாரையாவது நிக்க வெக்கலாமே?" என்றாள் சந்திரகலா.

"கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணும் மேம். தப்பான பக்கம் நுழைஞ்சா மொத்தமும் சிக்கிக்கும்."

வேறு வழியில்லை. கோலாட்டத்தை நிரலிலிருந்தே எடுத்தாகிவிட்டது. இவ்வளவு நாள் நேரம் போதவில்லை என்று கத்தரித்தவளுக்கு இப்போது நேரம் கையில் மிச்சம் நின்றது. அதை நிரப்ப வேண்டும். மேடையின் பின்பக்கமாகப் போய் ஆர்த்தியின் காதருகே குனிந்தாள்.

"மேடம், கோலாட்டத்தை எடுத்துட்டோம். நீங்க தாராளமா, கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசலாம்."

ஆர்த்தி திரும்பிப் பார்த்தார். "எடுத்துட்டீங்களா?"

"உங்க நேரம்தான் எங்களுக்கு முக்கியம் மேடம்."

ஆர்த்தியைப் பேச அழைத்தார்கள். எழுந்துபோய்த் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசினார். பிறகு ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களுக்குக் கொட்டாவி வந்தது. பேசியவரும் ஏதோ தண்டனையை அனுபவிப்பவர் போலத்தான் தெரிந்தார். இடையிடையே அவர் பார்வை மேலே தொங்கிய கயிறுகளுக்குப் போய்வந்தது. 'எப்போது முடியும் என்று பார்க்கிறார்' என்று நினைத்துக்கொண்டாள் சந்திரகலா.

விழா சிறப்பாக முடிந்தது. மணியம்மாள், "நல்லா இருந்துச்சும்மா, எல்லாருக்கும் திருப்தி" என்றார். இந்த முறை அவர் அதை மனதாரச் சொன்னார். விருந்தினரை முதல்வர் அறைக்குக் கேசரி சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்கள்.

அரங்கத்தில் கவிநிலா மட்டும் மேசைமேல் ஏறி வளையத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கவி, என் மேல கோபமா?"

"இல்ல மேம். அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் ஆடுவாங்க." கயிறுகளை ஒவ்வொன்றாக முழங்கையில் சுற்றினாள். "எங்களுக்குத்தான் பழகினது வீணா போச்சு."

சந்திரகலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மணியம்மாளின் மனம் நோகவில்லை. நசீம் பானுவின் மனமும் நோகவில்லை. நோகட்டும் என்று அவள் விட்டது, எதையும் எதிர்த்துக் கேட்காத இந்தப் பெண்ணின் மனம் ஒன்றைத்தான். அதை நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவை, முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

கதவருகே யாரோ செருமினார்கள். ஆர்த்தியின் கார் ஓட்டுநர் குமரேசன். துணியில் சுற்றிய எதையோ நீட்டினார்.

"கோலாட்டப் பொண்ணுங்ககிட்ட குடுத்துடச் சொன்னாங்க அம்மா."

கவிநிலா மேசையிலிருந்து இறங்கி வந்து பிரித்தாள். உள்ளே ஒரு கோலாட்டக் கோல். பழசு. பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. நுனியில் அரக்குச் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருது?" என்றாள் சந்திரகலா.

"அம்மாவுதுதாங்க. இங்க படிக்கறப்ப பின்னல் ஆடினு இருந்தாங்களாம். அப்ப வந்த விருந்தாளிக்கு நேரமாயிடுச்சுன்னு பாதி பின்னல்லயே நிறுத்திட்டாங்களாம். அழைப்புல கோலாட்டம்னு பார்த்ததும்தான் வரேன்னே ஒத்துக்கினாங்க. பொண்ணுங்களுக்குப் பஸ் போயிடப் போகுதேன்னுதான் போன்லகூட லேட் பண்ணாதீங்கன்னு சொன்னாங்க."

குமரேசன் கவிநிலாவின் முழங்கையில் இருந்த கயிறுகளைப் பார்த்தார்.

"வர்ற வழியெல்லாம் விரல் விட்டுக் கணக்குப் போட்டுனே வந்தாங்க மேடம், 'யாராவது ஒரு பொண்ணு வராம போனா, அந்த எடத்துல நான் நின்னுக்குவேன் குமரேசா'ன்னு."