காற்றாடி மேசைக் காவலர்

கோப்பிக் கடைகளில் வாழும் உயிரினங்களில் கொஞ்சமும் அசையாதது எது தெரியுமா? காற்றாடி மேசைக் காவலர். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். அவர் விட்டிருக்க மாட்டார்.

கோலா பிலா சாலையில், செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் நீலாவதி நடத்தும் கடைக்கு வாய்த்தவர் கணேசமூர்த்தி. ரொட்டிச்சானாய் சுடும் கல் சூடாவதற்கு முன்பே வந்து, ஒழுங்காகச் சுழலும் ஒரே கூரைக் காற்றாடியின் கீழுள்ள மேசையைப் பிடித்து, ஒரு நாற்காலியில் ஹெல்மெட், அடுத்ததில் மோட்டார் சாவி, மூன்றாவதில் நாளிதழ், நான்காவதில் தானுமாக அமர்ந்து, சீனி குறைத்து, நுரைக்க ஆற்றிய பால்தேநீராக ஒரு தே தாரேக் சொல்லிவிட்டாரென்றால், அப்புறம் பூகம்பமே வந்தாலும் மற்ற மேசைகள்தான் ஆடும். யாராவது நாற்காலியைத் தொட்டால், "ஆளு வருது லா!" யார் வருகிறார்கள்? இதுவரை யாரும் வந்ததில்லை.

கிளாஸின் அடியில் ஒரே ஒரு வாய் மிச்சம் வைப்பதில்தான் அவருடைய மேதைமை. அது இருக்கும்வரை அவர் வாடிக்கையாளர். எடுக்கப் போனால், "இன்னும் இருக்குல்ல!"

நீலாவதி பொறுத்துத்தான் வந்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகள் ரோகினியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதலில் கடையில் சும்மா தே குடிப்பதுபோல் பார்ப்பது, பிடித்திருந்தால் அப்புறம் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு. ரோகினிக்குப் பையனைப் படத்திலேயே பிடித்துவிட்டது.

கடையிலோ கோயில் முடிந்து வந்த கூட்டம், உட்கார இடமில்லை. மாப்பிள்ளை சத்தியசீலனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் அம்மா பட்டுப்புடவைக்குள் வெந்துகொண்டிருந்தார். அப்பா மெதுவாக, "வேற நாள் வரலாமா?" என்றார். வேறு நாள் என்றால் என்ன அர்த்தம்? பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

நீலாவதி கணேசமூர்த்தியிடம் ஓடினாள். "அண்ணே, கும்பிடுறேண்ணே, இன்னிக்கு மட்டும் எடம் விடுங்கண்ணே."

"ஆளு வருது தங்கச்சி."

"எந்த ஆளுண்ணே?"

"முக்கியமான ஆளு லா."

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் ரோகினி. ஹெல்மெட், சாவி, நாளிதழ் மூன்றையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். "அங்கிள், உங்க ஆளு வந்தாச்சு." மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினாள். "வாங்க, உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து எடம் பிடிச்சு வச்சிருக்காரு."

கணேசமூர்த்தி வாயைத் திறந்தார். தினமும் வருவதாகச் சொன்ன ஆள்களை, வந்து நிற்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? மூடினார். பிறகு கம்பீரமாக, "உக்காருங்க, உக்காருங்க! ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. பையனுக்கு என்ன வேலை, மோட்டாரை எவ்வளவு வேகமாக ஓட்டுவான், கோபம் வருமா, அம்மா சொல்வதைக் கேட்பானா, மனைவி சொல்வதைக் கேட்பானா என்று விசாரித்துத் தள்ளினார். மாப்பிள்ளையின் அம்மா காற்றில் குளிர்ந்து, ரோகினியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணு போதும், என் மவன் பொழைச்சுக்குவான். அடுத்த வாரம் தட்டோட வர்றோம்."

நீலாவதிக்குக் கண் கலங்கியது, முதலில் மகிழ்ச்சியில். மறுநாளிலிருந்து கணேசமூர்த்தி, "நான் பேசி முடிச்ச சம்பந்தம் லா!" என்று பக்கத்து மேசையையும் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கியபோது வேறு காரணத்தால்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லைதான். ஆனாலும், இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? சற்றே நிமிர்ந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கிறதா?